எதிர்வீட்டு நாய்க்குப் பிடித்த பிக்கப்

ஜூன் 9, திங்கள்

ஜெயசீலியை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். மகள் பிரிசிக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தாய் வீடு மகளைத் தேடிப் புனேவுக்குப் போகிறது. தாய் வீடு என்றால் தாய் மட்டும்தான் போலிருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் சுவர்களுக்குக் காவல். ஆடி மாதம் வந்தால் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிகள் வரிசையாக வரும். வேலாயுதத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டாருக்கு நான் ஒருவன்தான், விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

கிளம்பும்போது சபையில் கொடுத்த இந்த டைரியை என் கையில் திணித்தாள். "காஸ் என்னைக்கு மாத்துனீங்க, மாத்திரை போட்டீங்களான்னு எல்லாத்தையும் எழுதி வைங்க. வந்து பாப்பேன்." மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலமெல்லாம் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு ரிப்போர்ட்.

ரயில் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். பிளாட்பாரத்தில் ஒரே இரைச்சல். தலையை ஆட்டிவிட்டேன்.

ஜூன் 10

மாத்திரை போட்டேன். காஸ் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பருப்பு கரிந்து குக்கரே கருப்பாகிவிட்டது. மூன்று விசிலுக்கு அணை என்பாள் ஜெயசீலி. பேப்பரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு விசில்கூட வரவில்லை. புகை வந்தது. கேஸ்கட் போய்விட்டது என்று நினைக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். இவ்வளவு நாளும் அவள் எப்படித்தான் இந்தக் குக்கரை வைத்துக் குப்பை கொட்டினாளோ.

மாலையில் வேலாயுதம் வீட்டு மாடியில் ஒத்திகை. அங்கே எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். ஜெயசீலிக்குப் புரியும்படி எழுதுகிறேன், இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் கேட்டதில்லை என்றாலும். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று உண்டு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். தந்தி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். என் கிட்டாரில் அப்படி இரண்டு. விரல் ஓடும் கழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது நெக் பிக்கப், அதில் சத்தம் உருண்டு குழைவாக வரும். தந்திகள் முடிகிற கட்டைக்குப் பக்கத்தில் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், அதில் வெடுக்கென்று வரும். எதில் வாசிப்பது என்று ஒரு சின்ன சுவிட்ச் முடிவு செய்யும். மெலடிக்கு நெக், குத்துப் பாட்டுக்கு பிரிட்ஜ். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

இப்போது கொஞ்ச காலமாக நெக் பிக்கப் எதற்கும் உதவவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது மாதிரி இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் பிரிட்ஜில் வைத்து, சத்தத்தைக் கூராக்கும் ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகி வாசிக்கிறேன். அப்போதுதான் சத்தத்துக்கு முகம் வருகிறது. வேலாயுதம் கீபோர்டை நிறுத்திவிட்டு என் பெயரைச் சொல்லி, "என்னவே அருமை, காதுக்குள்ள ஊசிய விட்டுக் கொடையுதீரு? மெலடிக்கு நெக்குக்கு மாத்தும்வே" என்றார்.

"நெக்கு செத்துப் போச்சு. நீரு ஒம்ம கீபோர்டப் பாரும்" என்றேன்.

பாடகி சங்கரகோமதியும் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் பாடினால் மணியாகப் பாடுவாள், பேசினால் வாயைத் திறப்பதே இல்லை. இந்தத் தலைமுறையே முணுமுணுக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். போதகர் பிரசங்கம் கால்வாசிதான் விளங்கியது. மைக் சரியில்லை. ஜெயசீலி இருந்தால் வீட்டுக்கு வரும் வழியில் முழுப் பிரசங்கத்தையும் தன் சொந்தக் கருத்துகளோடு இன்னொரு முறை சொல்லுவாள்.

கிட்டாருக்குப் புதுத் தந்திகள் போட்டேன். நெக் அப்படியேதான் இருக்கிறது.

எதிர்வீட்டு சுடலை அண்ணாச்சி வளர்க்கும் நாய்க்குக் கர்னல் என்று பெயர். நான் வாசிக்க ஆரம்பித்தால் அது கேட்டுக்கு வந்து காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நிற்கிறது. சோதித்துப் பார்த்தேன். நெக்குக்கு மாற்றினால் படுத்துக்கொள்கிறது. பிரிட்ஜுக்கு மாற்றினால் எழுந்துவிடுகிறது. வேலாயுதத்துக்கும் கர்னலுக்கும் ஒரே ரசனை என்பது இன்று தெரிந்தது.

ஜூன் 21, சனி

புது பிரிட்ஜ் பிக்கப் பார்சலில் வந்தது. பழையதைவிட வீரியம் கூடியது, விலை குறைந்தது. சமையல் மேடையிலேயே சால்டரிங் அயர்னைச் சூடாக்கி நானே மாற்றினேன். கடைசியில் எனக்கு வேண்டிய சத்தம்! ஒவ்வொரு சுரத்துக்கும் விளிம்பு தெரிகிறது. சாயங்காலம் முழுக்க வாசித்தேன்.

பார்சல்காரர் பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுச் சுடலை அண்ணாச்சி வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெல்லுக்கு பாட்டரி மாற்ற வேண்டும். குருவி கத்துவது மாதிரி ஒரு பெல், பிரிசி ஆசைப்பட்டு வாங்கியது. இப்போதெல்லாம் குருவிகளும் இந்தத் தெருவுக்கு வருவதில்லை.

கர்னல் கழுத்தைத் தூக்கி ஓயாமல் ஊளையிட்டது. அண்ணாச்சி வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். வாசிப்பைப் பாராட்டுகிறார் என்று நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

பேரன் பிறந்திருக்கிறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தாயும் பிள்ளையும் சுகம்.

ஜெயசீலி பேசினாள். குழந்தை தூங்குகிறான், மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று அவள் கிசுகிசுத்ததில் பாதிக்கு மேல் ஊகம்தான். பிறகு அவன் விழித்துக்கொண்டான் போல. போனைப் பிள்ளையிடம் கொண்டுபோனாள். "அழுறான், கேக்குதா?"

போனைக் காதோடு அமுக்கிக்கொண்டேன். காற்று வீசுவது மாதிரி இருந்தது.

"கேக்கு, கேக்கு. கட்டைக் குரலு. அப்படியே என்னய மாதிரி" என்றேன்.

போனைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டாள். "சரி, சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

அல்வா வாங்கிச் சுடலை அண்ணாச்சி வீட்டில் கொடுத்தேன். மிச்சத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். நல்ல செய்தி வந்த நாளில் வீடு இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. டிவியைப் போட்டேன். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

வீடியோவில் பேரனைப் பார்த்தேன். என் மூக்கு. ஜெயசீலி மெலிந்திருக்கிறாள்.

தாத்தா வாசிக்கிறேன் என்று கிட்டாரை எடுத்து, புது பிக்கப்பில் ஒரு கீர்த்தனையின் முதல் இரண்டு அடிகளை வாசித்தேன். பிரிசி கையை வேகமாக ஆட்டினாள், படம் ஆடியது, அத்தோடு கட்டாகிவிட்டது. புனேயில் நெட் சரியில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று பெருமாள்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை சின்னது. என் ஸ்பீக்கரை எனக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது பாட்டில் எனக்கு ஒரு தனி வாசிப்பு உண்டு. அதை முடித்துக் கையை எடுத்து நிமிர்ந்தால், மண்டபம் மொத்தமும் என்னையே பார்க்கிறது! சாப்பாட்டுக்குப் போகிறவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் காதில் கையை வைத்துக்கொண்டு விளையாடின. மணப்பெண் முகத்தைச் சுளித்து மாப்பிள்ளை தோளில் சாய்ந்தாள். வெளியே வெடி போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். எத்தனையோ கல்யாணத்தில் வாசித்திருக்கிறேன், வரவேற்பில் ஒருவரும் மேடையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் சிரித்துக்கொண்டு லேசாகத் தலைகுனிந்து வணக்கம் வைத்தேன்.

சவுண்ட் பார்க்கும் இசக்கி ஓடிவந்து என் ஸ்பீக்கரை அணைத்துவிட்டான். மிச்சக் கச்சேரிக்கு அதைப் போடவேயில்லை. கேட்டதற்கு ஏதோ வயர் கோளாறு என்றான். கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் இருந்தாள்.

வேனில் திரும்பி வரும்போது ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் வேன் சத்தத்தில் கேட்டிருக்காது.

ஜூலை 9, புதன்

வேலாயுதமும் இசக்கியும் வந்தார்கள். பெல்லை அடித்துப் பார்த்துவிட்டுக் கதவைக் கையால் இடித்திருக்கிறார்கள். பாட்டரி புதிதுதான், ஏன் அடிக்கவில்லை என்று தெரியவில்லை.

காப்பி போட்டுக் கொடுத்தேன். வேலாயுதம் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும், கெட்ட செய்தி என்றால் டம்ளரைப் பார்ப்பார்.

இசக்கிதான் ஆரம்பித்தான். "அண்ணாச்சி, அந்தப் புது பிக்கப்ப மெழுகுல முக்காம வித்துருக்கான். உள்ள கம்பி லூசா கெடந்தா, ஸ்பீக்கர் பக்கத்துல போனதும் அதுவா கூவும். அன்னைக்கு மண்டபத்துல அதான் கூவுச்சு."

"கூவுச்சா? எப்ப?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கி போனை எடுத்து, யாரோ பிடித்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். நான் வாசிக்கிறேன், கையை எடுக்கிறேன், சிரிக்கிறேன், வணக்கம் வைக்கிறேன். சுற்றிலும் எல்லோரும் காதைப் பொத்துகிறார்கள். வேலாயுதம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த போன் சத்தத்துக்கே முகத்தைச் சுளித்தார்.

"சவுண்ட கூட்டு" என்றேன்.

"ஃபுல்லா இருக்கு அண்ணாச்சி."

காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

வேலாயுதம் டம்ளரைக் கீழே வைத்தார். "அருமை, இந்தக் கொடைக்குத் தூத்துக்குடிலருந்து ஒரு பையனக் கூப்பிடலாமான்னு பாக்கேன். நீரு ஒரு தடவ ரெஸ்ட் எடும். தங்கச்சி ஜெயசீலியும் ஊர்ல இல்ல."

"தங்கச்சி இல்லாததுக்கும் கிட்டாருக்கும் என்னவே சம்பந்தம்?"

அவர் மறுபடியும் டம்ளரைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது போலிருந்தது, அதனால் நானும் மேலே கேட்கவில்லை.

ஜூலை 10

மாத்திரை போட்டேன்.

ஜூலை 11

ஜெயசீலி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். குளித்துக்கொண்டிருந்தேன் என்று செய்தி அனுப்பினேன். குளிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. நாலைந்து மெழுகுவர்த்திகளை உடைத்து, பாலுக்கு வைத்திருக்கும் சின்னச் சட்டியில் போட்டேன். பெரிய சட்டியில் வெந்நீர் வைத்து அதற்குள் இறக்கி உருக்கினேன். பிக்கப்பைக் கழற்றி அதில் முக்கினேன். குட்டிக் குட்டிக் குமிழ்களாகக் காற்று வெளியே வந்தது. குமிழ் நின்றதும் எடுத்துத் துடைத்து மாட்டினேன். பால்சட்டி போச்சு. ஜெயசீலி, நீ வந்து கத்து. உன் கத்தல் எனக்கு நன்றாகக் கேட்கும்.

மாட்டி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கூவல் நின்றுவிட்டதா என்று யார் சொல்வது?

ஸ்பீக்கருக்கு நேராகக் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். எனக்கு முன்பும் அமைதி, இப்போதும் அமைதி. "கூவுதா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இந்த வீட்டில் நான் எதைக் கேட்டாலும் பதில் வந்துகொண்டிருந்தது. குக்கரை அணைங்க, வாசல்ல யாரோ வந்திருக்காங்க, குழாய் ஒழுகுது, ஒங்களத்தான் கூப்பிடுதாங்க. நான் அதையெல்லாம் நச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர்களைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பிறகு வெட்கத்தை விட்டு ஒரு காரியம் செய்தேன். ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பி, ஜன்னலைத் திறந்து வைத்து, கர்னலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். பிரிட்ஜில் ட்ரெபிளை முழுக்க வைத்தேன். கர்னல் எழுந்து நின்றது, ஆனால் ஊளையிடவில்லை. ஆக, மெழுகு வேலை செய்துவிட்டது. காதை மட்டும் பின்னால் மடக்கிக்கொண்டது. ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பாதிக்கு வந்ததும் உட்கார்ந்தது. நெக்குக்கு மாற்றினேன். ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

எனக்கோ அந்த நெக் சத்தம் வேறு யாருடைய வீட்டிலோ நடக்கிற விசேஷம் மாதிரி இருந்தது.

சுடலை அண்ணாச்சி என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 18, வெள்ளி

கோமதி பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தாள். நடுநிலைப் பள்ளியில் டீச்சர். கையில் நோட்டுக் கட்டு. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். என்ன ஆச்சரியம், ஒரு வார்த்தை விடாமல் விளங்கியது. இத்தனை நாள் முணுமுணுத்தவள் இன்று ஏன் இப்படி என்று யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன், நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, வேலாயுதம் அண்ணாச்சி தூத்துக்குடிப் பையனுக்கு இன்னும் சொல்லல. நான்தான் பொறுங்கன்னு சொன்னேன். கொடைக்கு நான் பாடுத அந்த மெலடியோட முன்னிசைய நீங்க வாசிக்காம நான் பாட மாட்டேன். இப்ப ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. ரெண்டுலயும்."

முதலில் பிரிட்ஜில் வாசித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், ஆனால் தோள் இரண்டும் மேலே ஏறிவிட்டது. நெக்குக்கு மாற்றினேன். தோள் இறங்கியது. கர்னலும் இவளும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"நெக்குதான் அண்ணாச்சி. பிரிட்ஜுல வாசிச்சீங்கன்னா ஒங்க கிட்டாரும் என் குரலும் ஒரே எடத்துல வந்து முட்டுது. நெக்குல வாசிச்சா எனக்குக் கீழ ஒரு பாய் விரிச்சாப்ல இருக்கு. நான் அதுல உக்காந்து பாடிருவேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டாள், "ஒங்களுக்கு நெக்கு எப்படிக் கேக்கு?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. "நல்லாத்தான் கேக்கு" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவள் பிள்ளைகளின் பொய்யைத் தினமும் திருத்துகிறவள்.

"மூடுன கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிக்க மாதிரி இருக்கும்மா" என்றேன். சொன்னதும் கிட்டாரைப் படுக்க வைத்தேன்.

அவள் "ஐயோ" என்றோ "பாவம்" என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே அவளை அனுப்பியிருப்பேன். "அப்ப நீங்க நெக்குல வாசிங்க, சத்தத்த நான் கேக்கேன். ஒங்களுக்கு நேரா நிக்கேன். கூடுனா இடது கையக் கீழ காட்டுதேன், கொறஞ்சா மேல. என்னயப் பாத்தே வாசிங்க" என்றாள்.

"இது எத்தன நாளுக்கும்மா ஓடும்?"

"கொடை வரைக்கும் ஓடட்டும். பெறகு டாக்டரப் பாப்போம்."

அவள் போனதும் அழுதேன். ஜெயசீலி, இதையும் எழுதச் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன். சாவைப் பற்றிக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. வாசிப்பு போய்விட்டால் நான் யார்? மில்லும் இல்லை, நீயும் இல்லை, பிரிசியும் இல்லை. தறி இரைச்சலிலும் டிரம்ஸ் பக்கத்திலும் இத்தனை வருஷம் நின்றதற்கு இதுதான் கூலி போல.

ஜூலை 23

காஸ் மாற்றினேன். ஒத்திகை. நெக்.

வேலாயுதம் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கிளம்பும்போது என் கிட்டார்ப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவருக்கு முழங்கால் வலி.

ஜூலை 30, புதன்

நேற்று கொடை. அம்மன் கோயில் முன்னால் தெருவையே அடைத்து மேடை. சாரல் காற்று. ஸ்பீக்கரை என்னிடமிருந்து தள்ளி வைத்திருந்தான் இசக்கி. கோமதி சொன்னபடி எனக்கு நேராக நின்றாள். பார்க்கிறவர்கள் இந்தப் பெண் ஏன் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மெலடியின் முறை வந்தது. முன்னிசை என்னுடையது, வேறு எந்த வாத்தியமும் இல்லை. சுவிட்சில் விரலை வைத்தேன். ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிரிட்ஜுக்குத் தள்ளிவிடு, ஒரே ஒரு தடவை உனக்குக் கேட்கிற மாதிரி வாசித்துவிடு, பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உள்ளே ஒருவன் கெஞ்சினான். அவன் கெஞ்சியதில் நியாயமும் இருந்தது. இனி என் வாசிப்பு எனக்கு முழுதாகக் கிடைக்கிற இடம் அந்த ஒரு பக்கம்தான்.

நெக்குக்குத் தள்ளினேன்.

மேடையில் நான் இவ்வளவு தனியாக நின்றதே இல்லை. விரல் அழுத்துகிறது, தந்தி அதிர்வது விரலில் தெரிகிறது, கிட்டாரின் மரம் நெஞ்சில் லேசாக முனகுகிறது. மற்றபடி கதவு மூடித்தான் இருந்தது. நடுவில் விரல் தடுமாறியது போல் தோன்றியது. நிஜமாகவே தடுமாறியதா என்றுகூட எனக்குத் தெரியாது. கோமதியின் இடது கை கீழேயும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இவள் கண்ணை மூடினால் எனக்கு யார் கை காட்டுவது என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தேன். பலூன்காரர் வண்டியைத் தள்ளாமல் நின்றார். முன்வரிசையில் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் போனை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் காதில் கை வைக்கவில்லை.

கோமதி பாட ஆரம்பித்தாள். அவள் வாய் அசைந்த பிறகுதான் என் பாகம் முடிந்தது என்று தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டுவதைப் பார்த்தேன். வேலாயுதம் என் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். "என்னவே?" என்றேன். அவர் கீபோர்டைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, "அடுத்த கொடைக்கும் நீருதான்" என்றார்.

ஜூலை 31, வியாழன்

காலையில் ஜெயசீலி வீடியோவில் வந்தாள். பேரன் அவள் தோளில். முகம் சிவந்து, வாய் முழுக்கத் திறந்திருந்தது. எதற்கோ வீறிட்டு அழுகிறான். ஜெயசீலி வழக்கம்போல் போனை அவனிடம் கொண்டுபோய், "பாருங்க ஒங்க பேரன, கேக்குதா?" என்றாள்.

"கேக்கல" என்றேன்.

போன் அப்படியே நின்றது.

"ஜெயசீலி, எனக்குக் கேக்கல. அவன் பொறந்த அன்னைக்கும் கேக்கல. நான் சும்மா சொன்னேன்."

அவள் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேராக வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "எனக்குத் தெரியாதாங்க? கீச்சுக் குரல்ல கத்துற பிள்ளையப் பாத்துக் கட்டைக் குரல்னீங்களே. அதுக்கு முன்னாலேயே தெரியும். ரயில்ல வச்சு நான் என்ன சொன்னேன்?"

"தலைய ஆட்டுனேன்."

"ஆட்டுனீங்க. குக்கர் விசில நம்பாதீங்க, கடிகாரத்தப் பாத்து அணைங்கன்னு சொன்னேன்."

இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள், போகிற போக்கில் எனக்குச் சொல்லிவிட்டுப் போனதும் அதைத்தான். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. நீ சீக்கிரம் வந்துவிடு என்றேன். வாய்விட்டு அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"வாரேன். அடுத்த மாசம் பிரிசிய அவ மாமியார் பாத்துக்கிடுவாங்க. வந்ததும் காது டாக்டர்ட்ட போறோம்." பேரன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். அவள் அவனைத் தட்டிக்கொண்டே, "அன்னைக்கு நீங்க வாசிச்சதுல பயந்து நடுங்கிட்டான் தெரியுமா? பிரிசிதான் கட் பண்ணிட்டா" என்றாள்.

நெட் சரியில்லை என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன்.

"ஒரு நிமிசம் இரு" என்று கிட்டாரை எடுத்தேன். ஜெயசீலி "ஐயோ வேண்டாங்க" என்பது அவள் உதட்டில் தெரிந்தது. சுவிட்சை நெக்குக்குத் தள்ளி, ட்ரெபிளைக் கர்னல் படுத்துக்கொள்கிற இடத்தில் வைத்தேன். அன்று பாதியில் நின்ற கீர்த்தனையை எடுத்து மெதுவாக வாசித்தேன். வழக்கம்போல் எனக்குப் பாதிதான் வந்தது. தந்தியைப் பார்க்காமல் பேரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு தெரிந்தது, ஈறு தெரிந்தது. இரண்டாவது அடியில் அழுகை கொஞ்சம் தயங்கியது. மூன்றாவது அடியில் வாய் மெல்லச் சுருங்கி மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்து சத்தம் வருகிற திசையைத் தேடினான்.

ஜெயசீலி கையைக் காட்டினாள், நிறுத்தாதீங்க என்று. நிறுத்தாமல் வாசித்தேன்.

ஆகஸ்ட் 1

குக்கருக்குப் பழைய கேஸ்கட்டையே திரும்ப மாட்டிவிட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. கடிகாரத்தை அடுப்படிக்கு மாற்றினேன்.